யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி: கேள்வி பதில்

கேள்வி: மொபைலுக்குத்தான் ஓடிபி வருதே சார், அதுக்கு மேல சாவி எதுக்கு?

பதில்: இந்தச் சாவி, யுஎஸ்பி போர்ட்டில் செருகி, லாகின் செய்வது நீங்கள்தான் என்று நிரூபிக்கும் சிறு கருவி. ஓடிபியைப் படித்து டைப் செய்வது நீங்கள். போலித் தளத்தில் டைப் செய்தால், மறுநொடியே அதை அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள். சாவியில் டைப் செய்ய எதுவுமில்லை. எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதை பிரவுசரே சாவிக்குச் சொல்கிறது. பதிவு செய்த டொமைன் (தள முகவரி) அதுவல்ல என்றால், லாகினுக்குத் தேவையான டிஜிட்டல் கையொப்பத்தைச் சாவி தராது. ஓரெழுத்து மாறிய முகவரியில் நம் கண் ஏமாறும், சாவி ஏமாறாது.

கேள்வி: வாங்கிட்டேன். எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பதில்: ரெண்டு வாங்கினீர்களா? ஒன்றுதான் என்றால் இன்னொன்று வந்த பிறகு ஆரம்பியுங்கள். ஆப்பிள் கணக்கு குறைந்தது ரெண்டு இல்லாமல் பதிவையே ஏற்காது. மற்ற தளங்கள் ஒன்றோடு விட்டுவிடும், ஆபத்து அங்கேதான்.

முதலில் ரெண்டு சாவியிலும் பின் (PIN, ரகசியக் குறி) வையுங்கள். குறைந்தது 4 எழுத்து. எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிறகு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ரெண்டையும் ஒரே அமர்வில் சேர்த்து, தனித்தனிப் பெயர் கொடுங்கள். விண்டோஸில் ஒரு சிக்கல் உண்டு: அது முதலில் தன் ஹலோ பின்னை, அதாவது லேப்டாப்பைத் திறக்கும் பின்னைக் கேட்கலாம். கொடுத்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான லாகின் ரகசியம்) லேப்டாப்பில் போய் உட்காரும், சாவி காலியாகவே இருக்கும். அந்தப் பெட்டியில் ‘பாதுகாப்புச் சாவி’ என்பதற்கு மாறுங்கள். சாவியின் லைட் சிமிட்டும்போது அதன் உலோகப் பகுதியைத் தொடவும். பெரும்பாலான மாடல்களில் அது கைரேகை பார்ப்பதில்லை, ஆள் இருக்கிறாரா என்று மட்டுமே பார்க்கிறது. கடைசியாக, பிரைவேட் விண்டோ திறந்து ரெண்டு சாவியிலும் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள்.

கேள்வி: பின் தப்பா போட்டா?

பதில்: தொடர்ந்து 3 முறை தப்பினால் பிடுங்கிச் செருக வேண்டும். மொத்தம் 8 முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும், பிறகு ரீசெட் மட்டுமே வழி. ரீசெட் செய்த சாவி பழைய கணக்கு எதையும் திறக்காது. ஆகவே ரெண்டாவது சாவி.

கேள்வி: தொலைஞ்சா என்ன பண்றது?

பதில்: ரெண்டாவதால் உள்ளே போய், தொலைந்ததைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

கேள்வி: சாவி சேர்த்தாச்சு. எஸ்எம்எஸ் ஓடிபியும் இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்ல?

பதில்: எடுத்துவிடுங்கள். வாசலுக்கு இரும்புப் பூட்டு போட்டுவிட்டு கொல்லைக் கதவைத் தாழிடாமல் விடுவதுதான் அது. திருடன் சாவியோடு மோத மாட்டான். ‘வேறு வழியில் முயல்க’ என்பதை அழுத்தி எஸ்எம்எஸ்ஸுக்குப் போவான்.

மறுப்பு: ஏத்துக்க முடியல. சாதாரண ஆளுக்கு ஹேக்கரை விட, தன் கணக்குக்குள்ள தானே போக முடியாம மாட்டிக்கிறதுதான் பெரிய ஆபத்து.

பதில்: ஆபத்து நிஜம்தான், மருந்து எஸ்எம்எஸ் அல்ல. உங்கள் எண்ணுக்கு வேறொருவர் ஏமாற்றி மாற்று சிம் வாங்கிவிட்டால் அந்த ‘அவசர வழி’ அவருக்குத்தான் திறக்கும். காகிதத்தில் அச்சிட்ட பேக்கப் கோடுகள் (தளம் முன்கூட்டியே தரும் அவசர லாகின் குறிகள்) அதே வேலையைச் செய்யும். கூகுள் 10 கோடுகள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு.

இன்னொருவர்: காகிதமும் தொலையுமே?

பதில்: தொலையும். ரெண்டு சாவியும் காகிதமும் ஒரே பையில் இருந்தால் ஒன்றாகவே தொலையும். ஒரு சாவி கையோடு, மற்றதும் காகிதமும் வேறு கட்டடத்தில்.

மறுப்பு: சரி, ரெண்டாவது சாவி வாங்கற வரைக்கும்?

பதில்: அதுவரை எஸ்எம்எஸ் இருக்கட்டும், இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ரெண்டையும் சோதித்த பிறகே நீக்க வேண்டும். கூகுளில் இரண்டு படி சரிபார்ப்புக்கான எண்ணும் கணக்கு மீட்புக்கான எண்ணும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு சாவியில எத்தனை கணக்கு?

பதில்: பாஸ்வேர்டுக்குப் பின் வரும் இரண்டாம் படியாக மட்டும் என்றால், வழக்கமாக வரம்பில்லை. பாஸ்கீ சாவிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் அதற்கு வரம்புண்டு: யூபிகீ 5 என்ற பிராண்டுச் சாவியில், பழைய ஃபர்ம்வேரில் (சாவிக்குள் இருக்கும் மென்பொருள்) 25, 5.7 பதிப்பு முதல் 100. ஃபர்ம்வேரை அப்டேட் செய்ய முடியாது, வாங்கும்போதே பாருங்கள்.

கேள்வி: கை பட்டா சாட்ல ஏதோ நீளமா எழுத்து விழுது!

பதில்: அது யூபிகீயின் சொந்த ஓடிபி, 44 எழுத்து. பாஸ்வேர்டு அல்ல. அந்த நிறுவனத்தின் செயலியில் ஓடிபியை அணைத்துவிடுங்கள். ஃபிடோ லாகின், அதாவது இதுவரை சொன்ன சாவி லாகின், பாதிக்கப்படாது.

கேள்வி: 2024-இல் சாவியை குளோன் பண்ணலாம்னு செய்தி வந்துச்சே?

பதில்: வந்தது, உண்மை. இன்ஃபினியன் சிப்பின் குறியாக்க நூலகத்தில் இருந்த குறை, ஃபர்ம்வேர் 5.7-க்கு முந்தைய யூபிகீ 5 சாவிகளைப் பாதிக்கிறது. ஆனால் சாவியைக் கைப்பற்றி, உறையைப் பிரித்து, ஆய்வகக் கருவியால் மின்காந்த அலையை அளக்க வேண்டும். அதற்குப் பயந்து ஓடிபிக்குத் திரும்பாதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பில் வைரஸ் இருந்தா சாவி காப்பாத்துமா?

பதில்: லாகினுக்குப் பிறகு பிரவுசரில் இருக்கும் குக்கீயை, அதாவது நீங்கள் உள்ளே இருப்பதற்கான அடையாளத்தைத் திருடினால் காப்பாற்றாது. முதலில் லேப்டாப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு சாவிய காப்பி எடுத்து வெச்சுக்கலாமா? ரெண்டு வாங்கணுமா?

பதில்: காப்பி எடுக்க முடியாது, ரகசியம் வெளியே வராதபடிதான் செய்திருக்கிறார்கள். ரெண்டு வாங்குங்கள்.