ரோமில் உப்பு விதைத்தவருக்கு

வணக்கம் ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் குழுவில் சிலர் உங்களை வாசிப்பவர்கள். நாங்கள் 14 பேர் மூன்று மாதங்களாக இணையவழியில் ஒரு மாற்று வரலாற்று விளையாட்டை ஆடி வருகிறோம். கி.மு. 218இல் தொடங்கும் மத்தியதரைக் கடல் உலகம். ஆளுக்கு ஒரு நாடு. வாரம் ஒருமுறை ஆணைகளை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் என்பது மூன்று மாதங்கள். நடுவர் பகடை உருட்டி முடிவைச் சொல்வார். எனக்கு ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நாடு கார்த்தேஜ் கிடைத்தது. அண்டை மக்களான லிபியர்களுக்கும் நுமிடியர்களுக்கும் குடியுரிமை கொடுத்தேன். கூலிப்படையைக் கலைத்துவிட்டு எட்டு நிரந்தர லீஜியன்களை அமைத்தேன். ஆண்டுதோறும் மாறும் இரண்டு ஆட்சியாளர்களை நீக்கி, தளபதி ஹன்னிபாலை வாழ்நாள் தலைவராக்கினேன். இத்தாலியில் ரோமின் படையை ஹன்னிபால் முறியடித்த கன்னே போர் முடிந்ததும் நேராக ரோமுக்குப் போய் நகரத்தைக் கொளுத்தி, அங்கே உப்பு விதைத்தேன். ரோமை ஆடிய நண்பர் இது நடக்கவே முடியாது என்று கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்.

கன்னேவுக்குப் பிறகு ஹன்னிபால் உடனே புறப்பட்டிருந்தால் ரோம் வீழ்ந்திருக்குமா? அடுத்த சுற்றில் முசிறியின் மிளகைக் கார்த்தேஜுக்குக் கொண்டுவர நினைக்கிறேன், பொருந்துமா? 27 வயதில் இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் நான் வருவதாக இல்லை. அவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டு யோசிப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ரோமின் வரலாற்றை எழுதிய லிவியே தன் ஒன்பதாம் புத்தகத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஆசியாவை வென்ற அலெக்சாண்டர் மேற்கே திரும்பி ரோமோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிப் பார்க்கிறார். இரு தரப்புப் படைகளையும் எண்ணுகிறார், தளபதிகளை நிறுத்துப் பார்க்கிறார், அணிவகுப்புகளை ஒப்பிடுகிறார், கடைசியில் நீங்கள் ஊகிக்கிறபடியே ரோமை வெல்லவைக்கிறார். ஆட்டக்காரரும் அவரே, நடுவரும் அவரே, பகடைகூடக் கிடையாது. ஆக, உங்கள் விளையாட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு.

மிளகை விட்டுவிடுங்கள். கிரேக்க மாலுமிகள் பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு வரத் தொடங்கியது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். உங்கள் ஆட்டம் அதற்கு நூறு ஆண்டுகள் முந்தையது. அப்போது செங்கடல் வழி எகிப்தின் தாலமி அரசர்களின் கையில் இருந்தது. எந்தக் கதையானாலும் நம் கரையின் பெயர் ஓரிடத்திலாவது வந்தால்தான் நமக்கு நெஞ்சு நிறைகிறது. அது வேண்டாம்.

கன்னே களத்திலிருந்து ரோம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பகல் முழுவதும் வெட்டிக் களைத்த படை, கையில் முற்றுகைக் கருவிகள் இல்லை, எதிரே மதில் சூழ்ந்த நகரம். ஐந்தாம் நாள் கேபிடல் குன்றில் விருந்துண்ணலாம் என்று குதிரைப்படைத் தலைவன் மகர்பால் சொன்னதாக லிவி எழுதுகிறார், சொல்வது எளிது. கி.மு. 211இல் ஹன்னிபால் உண்மையிலேயே ரோமின் வாசல்வரை போனான், பார்த்தான், திரும்பிவிட்டான். கன்னே போர் நடந்த 216இல் போயிருந்தாலும் நகரம் வீழ்ந்திருக்காது என்பதே என் எண்ணம். உங்கள் நடுவரின் பகடை உங்களிடம் பரிவு காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளுக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட 'உப்பு விதைத்தேன்' என்ற இரண்டு சொற்கள்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தன.

கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிக்கப்பட்டபோது அந்த மண்ணில் ரோமர்கள் உப்பு விதைத்தார்கள் என்று பண்டைய ஆசிரியர் எவரும் எழுதவில்லை. கடைசி நாட்களின் தெருச்சண்டையை வீடுவீடாக விவரிக்கும் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியனிடமும் உப்பு இல்லை. நவீன காலத்து நூல்களில் எப்படியோ ஒட்டிக்கொண்ட கதை அது. பின்னாளில் ரோமுக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு அந்த ஆப்பிரிக்க மண்ணின் கோதுமைக்கு. சரி, இது தகவல் பிழை, யாருக்கும் நேரக்கூடியது. என் வருத்தம் வேறு. ரோமர்கள் கார்த்தேஜுக்குச் செய்ததாக நீங்கள் நம்பியதைக் கார்த்தேஜின் கையால் ரோமுக்குச் செய்திருக்கிறீர்கள். வெற்றி என்றால் எதிரியின் நகரத்தை இல்லாமல் ஆக்குவது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கார்த்தேஜ் சொல்லவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கன்னேவுக்கு அடுத்த ஆண்டு, கி.மு. 215இல், ஹன்னிபால் மக்கெதோனியாவின் ஐந்தாம் பிலிப்புடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். அதன் வாசகம் கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸின் ஏழாம் புத்தகத்தில் பிழைத்துக் கிடக்கிறது. ஞாயிறையும் திங்களையும் நிலத்தையும், ஆறுகளையும் நீர்நிலைகளையும் சாட்சிக்கு அழைத்து, ஹன்னிபாலும் அவனோடிருந்த கார்த்தேஜ் அவையினரும் படையினரும் சத்தியம் செய்கிறார்கள். பிறகு பிலிப்பிடம் சொல்லும் நிபந்தனைகள் வருகின்றன. தெய்வங்கள் நமக்கு வெற்றி தந்து ரோமர்கள் சமாதானம் கேட்டால், அவர்கள் உங்களோடு இனிப் போர் செய்யக் கூடாது. கொர்சீரா, அப்பொலோனியா, எபிதாம்னஸ் போன்ற இடங்கள் இனி அவர்கள் ஆளுகையில் இருக்கக் கூடாது. பின்னொரு நாளில் அவர்கள் உங்கள்மீதோ எங்கள்மீதோ போர் தொடுத்தால் ஒருவருக்கொருவர் துணை நிற்போம்.

இந்தக் கடைசி நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். பின்னொரு நாளில் ரோம் போர் தொடுத்தால்! கன்னேயில் ரோமின் படையையே அரைத்துப் போட்டவன், வெற்றி உச்சியில் நின்றுகொண்டு, தன் வெற்றிக்குப் பிறகும் ரோம் இருக்கும், அதற்கு மதிலும் படையும் சினமும் இருக்கும் என்று எண்ணித்தான் ஒப்பந்தம் எழுதுகிறான். பல நாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் பேரம் பேசிக்கொண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் ஓர் உலகம் அவன் மனத்தில் இருந்தது. அவனை மையமாக வைத்து ஆடிய நீங்கள் அவன் மனத்தை ஒரு வாரமாவது குடியிருக்க விட்டீர்களா?

உங்கள் சீர்திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குடியுரிமை கொடுத்தீர்கள், ரோமே தன் இத்தாலியக் கூட்டாளிகளுக்கு அதை கி.மு. 90 வரை கொடுக்கவில்லை, அதுவும் அவர்கள் ஆயுதம் எடுத்த பிறகுதான் கொடுத்தது. நீங்கள் எட்டொன்பது வாரங்களில் கொடுத்து முடித்துவிட்டீர்கள். படைக்கு வைத்த பெயர்கூட ரோமர்களுடைய லீஜியன். கூலிப்படையால் கார்த்தேஜ் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ரோமோடு நடந்த முதல் போர் முடிந்ததும் சம்பளப் பாக்கிக்காக எழுந்த கலகம் கி.மு. 241இலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊரைப் பொசுக்கியது. ஆனால் சுஃபெத்துகள் என்ற அந்த இரண்டு ஆட்சியாளர்கள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? கிரேக்கர் அல்லாதவர்களின் அரசமைப்புகளில் அரிஸ்டாட்டில் தனியாக எடுத்து வைத்து ஆராய்ந்தது கார்த்தேஜுடையதை. குறிப்பிடத்தக்க கலகமோ கொடுங்கோலனோ அங்கே தோன்றாததை அந்த அமைப்பின் நேர்த்திக்குச் சான்றாகச் சொன்னார். அரிஸ்டாட்டில் தேடியும் கிடைக்காத கொடுங்கோலனை நீங்கள் ஒரே ஆணையில் அமர்த்திவிட்டீர்கள். உங்கள் கார்த்தேஜ் வென்றது உண்மை. வெல்வதற்குள் அது ரோமாகிவிட்டது. விலகிப் போன உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அவர் ஆடிய நாடு தோற்கவே இல்லை.

இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கார்த்தேஜைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அதன் எதிரிகளும் எதிரிகளின் நண்பர்களும் சொன்னது. ஹன்னிபாலே தன்னைப் பற்றிச் சொன்ன இடம் ஒன்று இருந்தது. இத்தாலியின் தென்முனையில், குரோட்டோனுக்கு அருகே ஹேரா கோயிலில், கி.மு. 205இல் தன் செயல்களைச் சொல்லும் ஒரு பொறிப்பைக் கார்த்தேஜின் மொழியான பூனிக்கிலும் கிரேக்கத்திலும் நிறுத்தினான். போலிபியஸ் அந்தக் கோயிலில் அவன் வைத்த வெண்கலப் பலகையைக் கண்ணால் பார்த்து எண்களை எடுத்துக்கொண்டார்: ஆல்ப்ஸைக் கடந்து இறங்கியபோது ஆப்பிரிக்கக் காலாட்கள் 12,000, ஐபீரியர்கள் 8,000, குதிரைவீரர்கள் 6,000க்கு மிகாமல். வெற்றிப் பட்டியலை அவரும் நமக்குச் சொல்லவில்லை. படைகளின் தொகைதான் வந்து சேர்ந்தது. பலகை போய்விட்டது. கோயிலில் ஒரே ஒரு தூண் இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

கார்த்தேஜின் நூலகங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சொல்கிறார். நகரத்தைப் பிடித்ததும் ரோமின் செனட் அந்த நூல்களை ஆப்பிரிக்கக் குறுநில மன்னர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் லத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது. அது மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய 28 புத்தகங்கள். பிறகு ஊட்டிக்கா நகரத்தைச் சேர்ந்த ஒருவர் அதைக் கிரேக்கத்தில் 20 புத்தகங்களாகச் சுருக்கினார். இன்னொருவர் அதை ஆறாக்கினார். இன்று மூலமும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை, சுருக்கங்களும் இல்லை. பிற ஆசிரியர்கள் மேற்கோள் காட்டிய சில துண்டுகள் மட்டும் மிச்சம். நிலம் வாங்குபவன் பட்டணத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது ஒன்று. எந்த மாட்டை வாங்குவது என்பது இன்னொன்று. அதை ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா எடுத்தெழுதியிருக்கிறார்: இளமாடு, கட்டான உடல், நீண்டு கறுத்து உறுதியான கொம்பு, அகன்று மயிர் சுருண்ட நெற்றி, மயிரடர்ந்த காது, கறுத்த கண்ணும் உதடும், விரிந்த மூக்கு, முழங்காலை எட்டும் அலைதாடி, நேரான முதுகு, நீண்ட வால்.

சென்ற மாதம் எங்கள் ஊர் வீட்டைக் காலி செய்தோம். தாத்தா நீளவாக்கில் தைத்த கணக்குப் புத்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிவந்தார்; என்றைக்கு மழை, எந்த வயலில் என்ன விதை, எந்தச் சந்தையில் என்ன மாடு, என்ன விலை. நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு அவையெல்லாம் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிட்டன. ஒன்பது கிலோ இருந்ததாம். எடைக்குப் போட்டவர் அதைச் சொல்லிவிட்டுக் காசைக்கூட என்னிடம் நீட்டினார். அவர்மீது கோபப்பட எனக்கு உரிமை இல்லை. நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அவற்றை நான் திறந்து படித்திருக்கிறேனா? அத்தையிடம் கேட்டேன், மாடு வாங்குவது பற்றித் தாத்தா என்ன எழுதியிருந்தார் என்று. அத்தை சற்று யோசித்துவிட்டு, "நெத்தி அகலமா இருக்கணும், கண்ணு கருப்பா இருக்கணும், வாலு நீளமா இருக்கணும். மத்ததெல்லாம் தரகன் பேச்சுன்னு அப்பா சொல்லும்" என்றார். 28 புத்தகங்கள் மூன்று வரியாவது எப்படி என்பதை அன்றுதான் பார்த்தேன். அன்றிரவு கொலுமெல்லாவைத் திரும்ப எடுத்து அந்த மாட்டுப் பத்தியைப் படித்தேன். மறுநாள் காலையில் உங்கள் கடிதம் வந்திருந்தது, உப்போடு.

அதனால் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொரு தொடக்கம் சொல்கிறேன், முடிந்தால் ஆடிப் பாருங்கள்.

தோற்ற கார்த்தேஜுக்கு கி.மு. 201இல் ரோம் விதித்த தண்டம் 10,000 தாலந்து வெள்ளி, 50 ஆண்டுத் தவணையில். கி.மு. 196இல் ஹன்னிபால் சுஃபெத்தானான். வாளை வைத்துவிட்டுக் கணக்கேட்டைப் பிரித்தான். அரசாங்கப் பணம் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மீட்டாலே புதுவரி போடாமல் தவணை கட்டலாம் என்று காட்டினான். பணம் வைத்திருந்தவர்கள் ரோமுக்குப் புகார் அனுப்ப, அவன் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அவன் போன பிறகும் கஜானா நிறைந்தது. கி.மு. 191இல் கார்த்தேஜின் தூதர்கள் செனட்டுக்குப் போய், மீதியிருக்கும் நாற்பது ஆண்டுத் தவணையையும் இப்போதே மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்றார்கள். செனட் மறுத்துவிட்டது. தவணை தேதிக்கு முன் ஒரு காசு வாங்க மாட்டோம் என்றது.

உங்கள் ஆட்டத்தில் இதற்கு எத்தனை புள்ளி? யாரும் சாகவில்லை, எந்த நகரமும் எரியவில்லை, பகடைக்கும் இதில் வேலை இல்லை. விலகிப் போன நண்பரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி, செனட்டின் பேச்சை அவரை எழுதச் சொல்லுங்கள். மறுப்பதற்கு அவர் நல்ல காரணங்களாகக் கண்டுபிடிக்கட்டும். வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்கும் தூதனின் பேச்சை நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். அவனுக்கு ஹன்னிபால் என்றும் ஹஸ்துருபால் என்றும் பெயர் வைக்காதீர்கள். கார்த்தேஜின் நேர்த்திக்கடன் கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. எதிரிகள் எவரும் திருத்தாத பெயர்கள், ஆண்களுடையவையும் பெண்களுடையவையும், அவற்றில் அப்படியே இருக்கின்றன: போதஷ்டார்ட், அப்துமெல்கார்ட், அரிஷத்.