யோசேபஸை விட்டுவிட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்

நண்பரே, இயேசு வாழ்ந்ததற்குச் சான்றாக, முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸைக் காட்டியதும் எதிரணி ‘இடைச்செருகல்’ என்று மடக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது பாதி சரி. யோசேபஸின் ‘யூதர்களின் தொன்மை வரலாறு’ நூலில், 18ஆம் புத்தகத்தில் வரும் ‘இவரே கிறிஸ்து’ என்ற வரி, பின்னாளில் கிறிஸ்தவர் சேர்த்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அதே நூலின் 20ஆம் புத்தகத்தைப் பிடியுங்கள். கி.பி. 62இல் தலைமைக் குரு அனனுஸ் ஒருவரைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறார். யாரை? ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்பவர்.’ யாக்கோபு அங்கே தெருவுக்கு நாலு பேர். எந்த யாக்கோபு என்று காட்டத்தான் இயேசுவின் பெயர். புகழ்ச்சி ஒரு சொல் இல்லை, போகிற போக்கில் சொன்னது. எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான்.

அப்புறம், கிறிஸ்தவர்களை வெறுத்த ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததை கி.பி. 116 வாக்கில் அவரும் எழுதுகிறார்.