மகளின் சேனலில் ஆட்குறைப்பு: வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. ஜர்னலிசம் படித்துவிட்டு, அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊர் டிவி ஸ்டேஷனில் நிருபராக இருக்கிறாள். மூன்று வருட ஒப்பந்தத்தில் பாதி முடிந்திருக்கிறது. தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், தானே பேசி, தானே எடிட் செய்கிற வேலை. போன மாதம் திடீரென்று ஒரு கூட்டம் போட்டு, மாலைச் செய்தி வாசிப்பவர் உட்பட ஐந்து பேரை அனுப்பிவிட்டார்கள். வானிலை அறிக்கை இனி வேறு ஊரிலிருந்து வருமாம். இவளை நிருபர் வேலையோடு வார இறுதி புரொட்யூசர் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சம்பளம் அதேதான். ‘வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா, வேறு ஏதாவது படி’ என்று நானும் என் கணவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இப்போது எங்கள் போனை எடுப்பதையே குறைத்துவிட்டாள். நாங்கள் சொல்வது தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்:

அன்புச் சகோதரி, பெற்ற மனம் பதறத்தான் செய்யும். அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘வந்துவிடு’ என்று சொல்ல இது நேரம் இல்லை என்பது என் கருத்து. உங்கள் மகள் போனை எடுக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவள் அலுவலகத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கத்து மேஜை காலி. தினமும் ஆறு மணிக்குப் பார்த்த முகம் திரையில் இல்லை என்று ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். அந்த போனை எடுப்பது இவளாகத்தான் இருக்கும். ‘ஏன் அனுப்பினார்கள்’ என்று சொல்லவும் இவளுக்கு அனுமதி இருக்காது. அந்த நாளை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மாவும் அப்பாவும் ‘அந்த வேலையே வேண்டாம்’ என்கிறீர்கள். அவள் யாரிடம் மனசு விட்டுப் பேசுவாள்?

முதலில் ஒன்றை உறுதியாக நம்புங்கள். நடந்ததற்கும் உங்கள் மகளின் திறமைக்கும் சம்பந்தமில்லை. டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 டிவி சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அளவில் முதலிடம் நியூயார்க். 210வது இடம் மொன்டானாவில் இருக்கும் கிளெண்டைவ். இந்தப் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இளம் நிருபர்கள் தொழில் கற்றுக்கொண்டு மேலே போவார்கள். ஆட்குறைப்பு நடக்கும்போது இந்த ஊர்களில்தான் அடி பலமாக விழுகிறது. ஏற்கெனவே குறைந்த ஆட்களோடு ஓடும் நியூஸ்ரூமில் ஐந்து பேர் போவதும், பெரிய நகரத்து நியூஸ்ரூமில் ஐந்து பேர் போவதும் ஒன்றல்ல.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். உள்ளூர் ஸ்டேஷன்களுக்கு விளம்பரம் ஒரு வருமானம். தேர்தல் வருடங்களில் அரசியல் விளம்பரங்களில் கொட்டும் பணம் இன்னொன்று. 1992ல் வந்த கேபிள் சட்டத்தின்படி, ஸ்டேஷனின் சிக்னலைக் கொடுப்பதற்காகக் கேபிள், சாட்டிலைட் நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கலாம். அது மூன்றாவது வருமானம். மக்கள் கேபிளை வெட்டிவிட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகப் போக, இந்த மூன்றாவது குழாய் சுருங்கி வருகிறது. இன்னொரு பக்கம், ஸ்டேஷன்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கி ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன. 2019ல் நெக்ஸ்டார் நிறுவனம் டிரிப்யூன் மீடியாவை வாங்கியது. கிரே நிறுவனம் 2019ல் ரேகாமையும், 2021ல் மெரிடித்தின் ஸ்டேஷன்களையும் வாங்கியது. 2025 ஆகஸ்டில் நெக்ஸ்டார், டெக்னாவை 620 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. இப்படி வாங்கும்போதெல்லாம் ‘செலவை இவ்வளவு குறைப்போம்’ என்று முதலீட்டாளர்களிடம் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கு நிறைவேறுகிற இடங்களில் ஒன்று உங்கள் மகளின் நியூஸ்ரூம்.

சரி, இனி அவள் இருக்கலாமா, கிளம்பலாமா? இதற்கு நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன். அந்த ஸ்டேஷனிலிருந்து நாளைக்கு ஊருக்குள் யார் போகப்போகிறார்கள்? கோர்ட்டுக்கும் நகரசபைக் கூட்டத்துக்கும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் போக ஆள் இருக்கிறதா? ஆள் இருந்தால் அது சுருங்கிப்போன செய்தி ஸ்டேஷன். ஆனாலும் செய்தி ஸ்டேஷன்தான். ஆள் இல்லை என்றால் அது வெறும் ஒளிபரப்புக் கோபுரம்.

இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 2023ல், பல ஸ்டேஷன்களை வைத்திருக்கும் ஸ்க்ரிப்ஸ் நிறுவனம் செய்தி வாசிக்கும் ஆங்கர்களைக் குறைத்து, களத்தில் நிருபர்களைக் கூட்டும் வழிக்குப் போனது. பல வருடம் பார்த்த முகங்கள் போனதில் பார்வையாளர்களுக்கு வருத்தம்தான், ஆனால் செய்தி சேகரிப்பவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அதே 2023ல் ஆரிகன் மாநிலம் மெட்ஃபோர்டில் சின்க்ளேர் நிறுவனத்துக்குச் சொந்தமான கே.டி.வி.எல். ஸ்டேஷனில் உள்ளூர்ச் செய்தியையே நிறுத்திவிட்டு, நாடு முழுக்க ஒரே மாதிரி ஓடும் நிகழ்ச்சியைப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மான்டரே–சலினாஸ் பகுதியில் கே.ஐ.ஓ.என். ஸ்டேஷன் செய்திப் பிரிவை மூடியது. அதற்குப் பதிலாக அங்கே சான் பிரான்சிஸ்கோவின் கே.பி.ஐ.எக்ஸ். ஸ்டேஷனின் செய்தியைப் போட்டார்கள். சலினாஸ் பண்ணைத் தொழிலாளர்களின் ஊர். சுமார் 100 மைல் தள்ளி இருக்கும் பெருநகரத்தின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து அவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் மகளின் ஸ்டேஷன் இந்த வழியில் போவதாகத் தெரிந்தால், அவள் அடுத்த வேலையை உடனே தேட ஆரம்பிக்க வேண்டும். அங்கே அவள் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

வானிலையை வேறு ஊருக்கு மாற்றுவதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. 2023 மார்ச் 24 இரவு மிசிசிப்பியில் சூறாவளிகள் தாக்கின. ட்யூபெலோவில் இருக்கும் டபிள்யூ.டி.வி.ஏ. ஸ்டேஷனின் வானிலையாளர் லைவில் இருந்தார். அமோரி என்ற சிற்றூரை நோக்கிச் சூறாவளி போவதை ரேடாரில் பார்த்தவர், அந்த மக்களுக்காக ஏசுவிடம் லைவிலேயே வாய்விட்டு வேண்டிக்கொண்டார். தொழில்முறை வானிலையாளர் அப்படிச் செய்யலாமா என்று கேட்டால், அந்த ஊரில் இருப்பவர்களைத் தெரிந்தவர் செய்வார் என்பதுதான் என் பதில். 2025 ஜனவரியில், அந்த ஸ்டேஷனை வைத்திருந்த ஆலன் மீடியா நிறுவனம், தன் ஸ்டேஷன்களின் உள்ளூர் வானிலையாளர்களை எடுத்துவிட்டு, அட்லாண்டாவிலிருந்து வெதர் சேனல் மூலம் அறிக்கை வழங்கப்போவதாக அறிவித்தது. ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது. பார்வையாளர்கள் விடவில்லை. சில நாட்களிலேயே பல இடங்களில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். மேலிடத்து முடிவு என்றால் மாற்றவே முடியாது என்று உங்கள் மகள் நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து, புரொட்யூசர் வேலை. இதை வேண்டாம் என்று உதறச் சொல்ல மாட்டேன். எந்தச் செய்தி முதலில், எது எத்தனை நொடி, லைவ் கட்டானால் எதைப் போடுவது என்று அரை மணி நேரத்தைக் கட்டிக் காப்பவர் புரொட்யூசர்தான். அமெரிக்க டிவி நியூஸ்ரூம்களில் நல்ல புரொட்யூசர் கிடைப்பது கஷ்டம். பெரிய நகரத்துக்குப் போக நிருபர் வேலையைவிட வேகமான வழி அது. அதனால் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இலவசமாகச் செய்யக் கூடாது. அவள் ஒப்பந்தத்தில் நிருபர் என்று போட்டிருந்தால், வேலை மாறுகிறது. வேலை மாறினால் ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஷிஃப்டை ஏற்றுக்கொண்டால் பிறகு கேட்க முடியாது.

அந்தத் திருத்தத்தில் என்ன கேட்கலாம்? சம்பள உயர்வு. அது முடியாது என்றால் ஒப்பந்தக் காலத்தையாவது குறைக்கட்டும். செய்திப் பிரிவை மூடினாலோ, அவள் வேலையை மறுபடி மாற்றினாலோ அபராதம் இல்லாமல் விலகும் உரிமை. இந்த அபராதம் என்பது வெறும் மிரட்டல் அல்ல. முன்கூட்டியே விலகுகிறவர்கள் வருடச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை கட்ட வேண்டியிருக்கும் என்று சின்க்ளேர் ஒப்பந்தங்கள் சிலவற்றில் இருந்தது 2018ல் செய்தியானது. ஆகவே அவள் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன், நீங்கள் ‘விட்டுவிடு’ என்று சொல்வதற்கு முன், அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும். விலகிய பிறகு அதே ஊரில் போட்டி ஸ்டேஷனில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் ஒளிபரப்புத் துறையில் இதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன. அவள் இருக்கும் மாநிலத்தில் எப்படி என்று பார்க்க வேண்டும்.

ஓவர்டைமும் சிக்கலான விஷயம். ஒரு லட்சமும் அதற்குக் குறைவாகவும் மக்கள் இருக்கும் தனி ஊர்களில் ஸ்டேஷன் இருந்தால், அறிவிப்பாளர்களுக்கும், செய்தி திரட்டித் தொகுப்பவர்களுக்கும், தலைமைப் பொறியாளருக்கும் ஓவர்டைம் கொடுக்க வேண்டியதில்லை என்று மத்தியத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பெரிய நகரத்தை ஒட்டிய ஊர்களுக்கு வேறு கணக்கு. ஆறு நாள், ஏழு நாள் வேலை என்று ஆகும்போது இது நேரடியாகப் பாதிக்கும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். அதனால் அவள் பதவிப் பெயர் என்ன, மணிக்கணக்கா மாதச் சம்பளமா என்று திருத்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அவள் தனியாகப் போகிறாள் என்பதுதான். 2022 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவில் டபிள்யூ.எஸ்.ஏ.இசட். ஸ்டேஷனின் இளம் நிருபர் ஒருவர், தண்ணீர்க் குழாய் உடைந்த செய்திக்காக இரவில் சாலையோரம் நின்று லைவ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கார் பின்னாலிருந்து வந்து இடித்தது. கேமராவும் சரிந்தது. ஒளிப்பதிவாளர் யாரும் கூட இல்லை. ‘கார் இடித்துவிட்டது, பரவாயில்லை’ என்று அவரே சொல்லிவிட்டு, எழுந்து கேமராவை நிமிர்த்தி லைவைத் தொடர்ந்தார். அந்த வீடியோவைப் பார்த்துப் பலர் அவர் துணிச்சலைப் பாராட்டினார்கள். எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை. அந்தப் பெண் அங்கே தனியாக நின்றிருக்கவே கூடாது. இருட்டிய பிறகு தனியாக லைவ் கிடையாது, நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்பது கிடையாது என்ற இரண்டையும் உங்கள் மகள் எழுத்தில் கேட்கட்டும். ஆள் குறைந்ததால் இதைத் தர முடியாது என்று நிர்வாகம் சொன்னால், அப்போது நானும் உங்களோடு சேர்ந்து ‘வந்துவிடு’ என்பேன்.

அப்புறம், அடுத்த சுற்று ஆட்குறைப்பில் அவள் பெயரும் வரலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் பொதுவாக ஒரே இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை இழக்கும்போதுதான் பொருந்தும். சின்ன நியூஸ்ரூம் அதற்குள் வராது. காலையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நிறுத்திவிடுவார்கள். தன் நல்ல செய்தித் தொகுப்புகளின் பிரதியை, ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்கு, இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அவள் சேர்த்த தொடர்புகள் அலுவலக போனில் மட்டும் இருக்க வேண்டாம்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவளுக்கு 26 வயது ஆகும்வரை உங்கள் மருத்துவ இன்ஷூரன்ஸில் சேர்த்து வைத்திருக்கலாம். ஏற்கெனவே சேர்க்கவில்லை என்றால் அடுத்த வாய்ப்பில் சேருங்கள். வேலை போனால் மருத்துவச் செலவு என்ற பயமாவது அவளுக்கு இருக்காது. அந்த மாநிலத்தில் வேலை ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஒரு வக்கீலிடம் அவள் ஒப்பந்தத்தைக் காட்ட, அந்தக் கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். வக்கீலிடம் அவளே பேசட்டும். நியூஸ் டைரக்டருக்கு நீங்களோ உங்கள் கணவரோ போன் செய்யவே வேண்டாம். அது அவளுக்குத் தீராத சங்கடம்.

அவள் மறுபடி போனை எடுக்கும்போது, படிப்பு, கல்யாணம், எதிர்காலம் எதையும் எடுக்காதீர்கள். இன்றைக்கு என்ன செய்திக்குப் போனாய் என்று கேளுங்கள். அதைப் போட்ட லிங்க்கை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள். அதற்குப் பிறகு வக்கீல் கட்டணம் எங்களுடையது என்று சொல்லுங்கள். வார இறுதி ஷிஃப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஒப்பந்தத்தைப் படிப்பது அந்தத் தேதிக்கு முன்பே நடக்க வேண்டும். அதுவரை அவள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.