பிரைட் ஏஞ்சல் பாதையில் ஜூன் வெயில்: கேள்வி பதில்

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென் விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் பல வருடங்களாக இறங்கி ஏறுகிறேன். கோடை விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

கேள்வி: மலையேற்றம் எனக்குப் பழக்கம்தான் அண்ணா. களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம் இல்லையா?

இந்த நினைப்பில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், தம்பி. இது தலைகீழ் மலை. மற்ற மலைகளில் கால் கெஞ்சும்போது இறக்கம்தான் பாக்கி இருக்கும். இங்கே கால் கெஞ்சும்போது ஏற்றம் முழுசாக மிச்சம். பாதை தொடங்கும் இடம் சுமார் 2,090 மீட்டர் உயரம். விடியற்காலையில் அங்கே காற்று சிலுசிலுவென்று இருக்கும், ஸ்வெட்டர்கூடத் தேடுவீர்கள். அந்தக் குளுமையை நம்பி இறங்கிக்கொண்டே போனால், ஜூன், ஜூலையில் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் களைப்பைப் பார்த்துத் திரும்பாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புங்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு வர முடியுமா?

கோடையில் வேண்டாம். பூங்காக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். வழியில் ஒன்றரை மைலில் இருக்கும் ஓய்விடம் வரை போய்த் திரும்பினால் நடை 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் ஏறக்குறைய 340 மீட்டர். முதல் தடவைக்கு அது தாராளம். நல்ல பழக்கம் இருந்தால் மூன்று மைல் ஓய்விடம்.

கேள்வி: எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

வெளிச்சம் வரும்போதே. ஜூனில் ஐந்தே காலுக்கெல்லாம் விடிந்துவிடும். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை உள்ளே ஏறக் கூடாது. ஒருமுறை நான் தாமதித்துவிட்டு, பதினொரு மணிக்கு மூச்சு வாங்கப் பாறையில் கை ஊன்றினேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்தப் பாறை வெயில் போன பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மாட்டிக்கொண்டால் நிழலில் உட்கார்ந்து நாலு மணி வரை காத்திருங்கள், வெட்கமே வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு? நிறையக் குடித்தால் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது! தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம் என்று வெயில் மயக்கம் மாதிரியே தெரியும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் இன்னும் இரண்டு பாட்டிலை ஊற்றுவார், நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள், கூடவே உப்பாக எதையாவது சாப்பிடுங்கள். என் பையில் வறுத்த கடலையும் மாங்காய் ஊறுகாய் வைத்த புளியோதரையும் கட்டாயம் இருக்கும். அடிக்கடி சிறுநீர் போய், அதுவும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தால், குடிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

ஓய்விடங்களில் கோடையில் குழாய் உண்டு. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் குழாய்வழி அடிக்கடி உடையும். எந்தக் குழாயில் வருகிறது என்று அன்று காலையே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள சவுத் கைபாப் பாதையில் வழி நெடுகத் தண்ணீரே கிடையாது.

கேள்வி: பருத்திச் சட்டை கூடாது என்கிறார்களே?

அது குளிர்காலத்துப் பேச்சு. இந்த வறண்ட வெயிலுக்குப் பருத்திதான் என் கட்சி. குழாயடியில் சட்டை, தொப்பி, கழுத்துத் துண்டு எல்லாவற்றையும் சொட்டச் சொட்ட நனைத்துக்கொள்வேன். நாலைந்து வளைவு ஏறுவதற்குள் காய்ந்துவிடும், அடுத்த குழாயில் மறுபடியும் நனைப்பேன்.

கேள்வி: கூட வருகிறவர் தடுமாறினால்?

பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் உளறினாலோ வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நனைத்து விசிறுங்கள், ஒருவர் உதவிக்கு ஓடட்டும். நினைவு தெளிவாக இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். செல்போன் சிக்னலை நம்ப முடியாது, அவசரத் தொலைபேசி எங்கெங்கே என்று முன்பே பார்த்துவையுங்கள். ஹெலிகாப்டரும் நினைத்தவுடன் வராது. கடும் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் அதற்கே பறப்பது சிரமம்.

கேள்வி: எதிரே கோவேறு கழுதைகள் வந்தால்?

பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி, ஓட்டுகிறவர் சொல்கிறபடி அசையாமல் நில்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவரும் இறங்க ஆசைப்படுகிறார்.

விளிம்பை ஒட்டியே ஒரு பாதை போகிறது அம்மா, பெரும்பாலும் சமதளம், இடையிடையே பேருந்து நிறுத்தங்கள். காலையில் அதில் அழைத்துப் போங்கள். ஆசை தீரவில்லை என்றால் பிரைட் ஏஞ்சலில் முதல் சுரங்க வளைவு வரை பத்து நிமிஷம் இறங்கிவிட்டு வரட்டும். ஏறும்போது அவருக்கு முன்னால் நடக்காதீர்கள், பின்னாலேயே வாருங்கள். அப்போதுதான் அவர் வேகத்தில் நடப்பார்.