எக்ஸ்டென்ஷனுக்குக் கவுன்சில் மறுப்பு: அப்பீலா, வேறு வழியா?

கேள்வி: லண்டன் புறநகரில் எங்களுடையது டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒன்று). பின்பக்கம் 5 மீட்டர் ஒற்றைத்தள எக்ஸ்டென்ஷனுக்கு விண்ணப்பித்தோம். பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் குறையும் என்று கவுன்சில் மறுத்துவிட்டது. 4 மீட்டராக்கி மறுபடி போட்டு 8 கிழமை தாண்டிவிட்டது, பதில் இல்லை. கால நீடிப்புக்குச் சம்மதம் கேட்டு அதிகாரி ஈமெயில் அனுப்பியிருக்கிறார். முதல் மறுப்புக்கு அப்பீல் செய்யலாமா? இதே தெருவில் இதே அளவில் கட்டியிருக்கிறார்களே?

பதில்: செய்யலாம். வீட்டு எக்ஸ்டென்ஷன் மறுப்புக்கு 12 கிழமை தவணை. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, மறுப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். அப்பீலை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. ஆனால் இந்த வகை அப்பீலில் உங்கள் வாதம் முழுவதையும் ஆரம்பத்திலேயே வைத்துவிட வேண்டும். கவுன்சில் சொல்வதற்குப் பிறகு பதில் எழுத இடமில்லை.

கட்டிட வரைபடத்தை மாற்றி அனுப்ப நினைக்காதீர்கள். கவுன்சில் பார்த்த அதே வரைபடத்தைத்தான் அப்பீலை முடிவு செய்யும் இன்ஸ்பெக்டரும் பார்ப்பார். "பெற்றோர் வரப்போகிறார்கள், அறை போதாது" என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் பெரிய பயனில்லை. மறுப்புக் காரணத்தையும் அதில் குறிப்பிட்ட கொள்கை எண்ணையும் எடுத்து வரிக்கு வரி பதில் சொல்லுங்கள். வெளிச்சம்தான் பிரச்சினை என்றால், பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகைக் கோடு வரைந்து, எக்ஸ்டென்ஷன் அதைத் தாண்டவில்லை என்று காட்டுவது பத்துப் பக்க வாதத்தைவிட மேல்.

தெருவிலுள்ள மற்றக் கட்டிடம் எப்படி வந்தது என்று கவுன்சிலின் ஆன்லைன் பதிவேட்டில் பாருங்கள். இப்போதைய கொள்கையின்கீழ் முழு அனுமதி பெற்றிருந்தால் அதன் விண்ணப்ப எண்ணைக் காட்டுங்கள். வேறு வழியில் வந்திருந்தால் உங்கள் வாதத்துக்கு அது அதிகம் உதவாது. ஆனால் அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கலாம்.

அந்த வழிதான் 'பிரையர் அப்ரூவல்', அதாவது முழு அனுமதி இல்லாமல் முன் ஒப்புதல் மட்டும் கேட்பது. டெரஸ் வீட்டின் பின்னால் 6 மீட்டர் வரை ஒற்றைத்தளம் கட்ட இதில் விண்ணப்பிக்கலாம். அளவு வீட்டின் அசல் பின்சுவரிலிருந்து. முன்பு நீட்டிக் கட்டியிருந்தால் அதுவும் சேரும். உயரம் 4 மீட்டருக்குள், எல்லைக்கு 2 மீட்டருக்குள் வந்தால் கூரை விளிம்பு 3 மீட்டருக்குள். ஒட்டிய வீட்டார் ஆட்சேபிக்காவிட்டால் வெளிச்சத்தைக் காரணம் காட்டிக் கவுன்சில் மறுக்க முடியாது. ஆகவே முதலில் அவர்களோடு பேசுங்கள். 42 நாளில் முடிவு வராவிட்டால், விண்ணப்பத்தில் காட்டியபடி கட்டத் தொடங்கலாம். முழு விண்ணப்பத்தில் 8 கிழமை மௌனம் ஒருபோதும் அனுமதியாகாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிளாட்டுக்கும் கன்சர்வேஷன் ஏரியாவுக்கும் (பழைமையைக் காக்கும் பகுதி) இந்த வழி இல்லை. பழைய அனுமதியின் நிபந்தனை இந்த உரிமையை நீக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் விண்ணப்பம்: தாமதத்துக்காக அப்பீல் போட 6 மாதம் அவகாசம் உண்டு, அவசரமில்லை. போட்டால் முடிவு இன்ஸ்பெக்டர் கைக்குப் போய்விடும், வரிசையில் காத்திருக்க வேண்டும். அதிகாரியைக் கூப்பிட்டு என்ன குறை என்று கேளுங்கள். சிறு திருத்தத்தில் தீருமென்றால் குறித்த தேதிவரை மட்டும் சம்மதியுங்கள். மறுக்கத்தான் போகிறார் என்றால் நீடிப்பு வீண். எழுத்தில் சம்மதித்தால், 16 கிழமைக்குள் முடிவு வராவிட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பப் பெறும் உரிமையும் போய்விடும்.

இதற்கிடையில் அத்திவாரம் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் கட்டி நாலு வருடம் ஓட்டிவிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுக்காது என்று ஊரில் சொல்வார்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அது 10 வருடம்.