வாடகை வீட்டைக் காலி செய்யும்போது நாமே கழுவித் துடைத்துக் கொடுத்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா?

மாதக் கடைசியில் காலி செய்கிறோம், ஒரு லட்சம் அட்வான்ஸ் நிற்கிறது, வீட்டுக்காரர் இப்போதே 'கிளீனிங் சார்ஜ்' என்று பேச்சை ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு, நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்த 2023 மே மாதம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருக்கும், சுவரில் கிரேயான் கிறுக்கல் இருக்கும், சாமி அலமாரிக்கு மேலே விளக்குக் கரி படிந்திருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இதெல்லாம் இருந்தது.

கட்டாயம் கழுவிக் கொடுங்கள். கழுவினோம் என்பதற்காகவே யாரும் பணத்தை எடுத்து நீட்டிவிட மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அழுக்கான வீட்டில் நின்றுகொண்டு நம் பணத்தைக் கேட்க நமக்கே வாய் எழாது.

மடிப்பாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடி. 2016-ல் குடிபோனபோது வாடகை 12,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 1,20,000. சென்னையில் அப்போது அதுதான் வழக்கம், நாங்களும் மறுபேச்சுப் பேசாமல் நகையை வைத்துக் கொடுத்தோம். ஏழு வருடத்தில் வாடகை 16,000 ஆனது. ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை, 2020 ஊரடங்கு மாதங்களிலும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காலி செய்வதற்கு முன்னால் நான்கு நாள் லீவு போட்டேன். 'ஆள் வைத்தால் அரை நாளில் முடிந்துவிடுமே' என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். விசாரித்துப் பார்த்தோம். காலி வீடு, இரண்டு பெட்ரூம் என்றதும் அவர்கள் சொன்ன தொகை, வீடு மாற்றும் அந்த மாதத்தில் எங்களுக்குத் தாங்காது. வசதி இருப்பவர்கள் ஆள் வையுங்கள், தவறே இல்லை.

சமையலறை பெரிய வேலையில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, பிளாஸ்டிக் இறக்கைகளை மட்டும் சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்தால் பிசுக்கு தானாக விட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பசை தேங்காய் எண்ணெய்க்கு வந்துவிட்டது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தோம். ஒட்டடை, பரண், ஜன்னல் கம்பி எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

என்னைப் படுத்தியது பாத்ரூம்தான். எங்களுக்கு வந்தது போர் தண்ணீர், உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. குழாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு பட்டை. பக்கெட் வைக்கும் இடத்தில் தரை டைல்ஸில் வட்டம் வட்டமாகக் கறை. ஆசிட் ஊற்று, ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்றார்கள் எல்லாரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆசிட் பட்டால் குழாயின் பளபளப்பு கறுத்துப்போகும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் அரித்துவிடும், அப்புறம் அதற்கும் சேர்த்து நம்மிடமே காசு கேட்பார்கள். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

நான் செய்தது இவ்வளவுதான். பழைய வேட்டியைக் கிழித்து, மளிகைக் கடையில் வாங்கிய வெள்ளை வினிகரில் நனைத்து, குழாயைச் சுற்றிக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். இந்த உப்பில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், புளிப்புக்குக் கரையும். காலையில் துணியை அவிழ்த்தபோது அந்தப் பட்டை ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் தள்ளினேன், ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் புதுக் குழாய் போல மின்னியது. தரைக்குச் சிட்ரிக் ஆசிட் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு தடவையில் போகவில்லை, மூன்று தடவை ஆனது. மார்பிள் தரையாக இருந்தால் மட்டும் வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம், கல்லே மங்கிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் வீட்டில் ஆறு வருடம் வேலை செய்த அக்கா கடைசி இரண்டு நாள் கூட வந்து உதவினார். நான் கேட்கவில்லை, 'நீ ஒருத்தியா எப்படிம்மா செய்வ' என்று அவரே வந்தார். வாளியும் துடைப்பமுமாக லிஃப்டில் ஏறப்போனவரை அசோசியேஷன் செக்ரட்டரி நிறுத்தி, 'வேலைக்காரங்களுக்குப் படிக்கட்டுதான்' என்றார். ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, மூன்று மாடி. அந்த லிஃப்டைத் தினமும் துடைப்பதே அவருடைய தங்கைதான். நான் இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். 'நீங்க டெனன்ட்தானே, நாளைக்குக் காலி பண்ணப் போறீங்க' என்றார். சொந்த வீடு உள்ளவர்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிலேயே ஏறினோம். இன்று எழுதும்போதும் வயிறு எரிகிறது.

சரி, சாவி கொடுத்த நாளுக்கு வருகிறேன். வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர், அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் கணக்கெல்லாம் பெங்களூரில் இருக்கும் மகன் கையில். போனில் மகன் சொல்லச் சொல்ல அங்கிள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெயிண்டிங் 16,000, பாத்ரூம் டைல்ஸ் 10,000, கிச்சன் கிரானைட் விரிசல் 8,000, கிளீனிங் 5,000. ஆக 39,000.

நான் சண்டை போடவில்லை. 'உள்ள வந்து பாருங்க அங்கிள்' என்றேன். பாத்ரூம் விளக்கைப் போட்டுக் காட்டினேன். குழாயைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து தரையையும் தடவிப் பார்த்தார். 'நாங்க இருந்தப்பகூட இப்படி இல்லையேம்மா' என்றார். டைல்ஸும் கிளீனிங்கும் அங்கேயே போயின.

கிரானைட்டுக்குத்தான் தயங்கினார். அடுப்புக்கு வலது பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அது நாங்கள் வரும்போதே இருந்தது, ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் என் கணவருக்குப் பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோ ஞாபகம் வந்தது. என் மாமியார் பொங்கி வரும் பாலைப் பார்த்துச் சிரிக்கிறார், அவர் கைக்குப் பக்கத்தில் அதே விரிசல், 2016 தேதியோடு. அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியையும் அடித்தார்.

பெயிண்டிங் காசு போனது போனதுதான். 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்தம்' என்று ஒப்பந்தத்தில் இருந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதை அது வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய் இதெல்லாம் நம் பக்கம். ஆனால் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பிடித்தம் என்று எழுதி நாமே கையெழுத்தும் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் அப்பாவும் திருச்சியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டவர்தான். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, மூன்று மாத கரண்ட் பில்லையும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்களையும் பார்த்திருக்கிறோம்.

மீதி 1,04,000 பதினெட்டாம் நாள் கணக்கில் ஏறியது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் ஏறியிருக்காது. வீட்டுக்காரரையோ அவர் வீட்டு ஆளையோ வரச் சொல்லி, அறை அறையாகக் கூடவே நடந்து, பிடித்தம் எவ்வளவு என்பதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஈபி மீட்டரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குடிபோன நாள் போட்டோக்கள் பழைய போனில் இருந்தால் தேடி எடுங்கள், உறவினர்கள் எடுத்ததையும் கேட்டு வாங்குங்கள்.

வருகிற ஞாயிறு சாவி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்று ராத்திரியே குழாய்களுக்கு வினிகர் துணியைச் சுற்றிவிடுங்கள்.