ஆப் இருக்க ஊர்வலம் எதற்கு?

கேள்வி: தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளத்தான் கைபேசியிலேயே ஆப் வந்துவிட்டதே! இன்னும் எதற்கு ஊர்வலம், சங்கம், ‘எங்களுக்கு யாருமில்லை’ என்ற புலம்பல்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: மேட்ரிமோனி தளம் வந்துவிட்டது என்பதற்காக உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொந்தபந்தங்களைக் கூப்பிடாமல் விட்டுவிட்டீர்களா? வரன் தேடுவது வேறு, பந்தியில் உறவோடு உட்கார்ந்து சாப்பிடுவது வேறு.

நீங்கள் சொல்லும் ஆப்களில் பேர்பெற்றது கிரைண்டர் (மாவரைக்கிறது இல்லை). அமெரிக்காவில் 2009 மார்ச்சில் வந்தது. திறந்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள். கிட்டத்தில் இருப்பவர் முதலில். 250 மீட்டர், 900 மீட்டர் என்று தூரமும் காட்டும். ஆனால் நம் ஊர்ப் பக்கம் பாதிக் கட்டங்களில் முகம் இருக்காது. கழுத்துக்குக் கீழே ஒரு பனியன், ஒரு கடற்கரை, இல்லையென்றால் வெறும் சாம்பல் நிறம். வீட்டு ஓனர் பார்த்துவிடுவாரோ, மச்சான் பார்த்துவிடுவானோ என்ற பயம். ராத்திரி ஒரு மணிக்கு ‘ஹாய்’ சொன்ன இருவர் காலையில் ஒரே டீக்கடையில் அடுத்தடுத்து நின்று, யாரென்றே தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அங்கேயும் பொறுக்கல்தான். உயரம், எடை, வயது, நிறம். ‘பெண் நளினம் உள்ளவர்கள் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே எழுதி வைக்கிறார்கள். இந்தப் பாஷையை எங்கே கற்றார்கள் என்கிறீர்களா? ‘சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை’ என்று நாம் ஞாயிறுதோறும் விளம்பரம் கொடுத்தோமே, அங்கேதான். 2020 ஜூனில் கிரைண்டர் இனவாரியாகச் சலிக்கும் வசதியை எடுத்துவிடுவதாகச் சொன்னது. பார்க்கிறவர் கண்ணில் உள்ள சல்லடையை யார் எடுப்பது? ஆண், பெண் இருவர்மீதும் ஈர்ப்பு வருகிற இருபாலீர்ப்பு உள்ளவர் பாடு இன்னும் மோசம். ஒரு பக்கம் ‘முதலில் நீ ஒரு முடிவுக்கு வா’ என்பார்கள். இன்னொரு பக்கம் ‘இதெல்லாம் ஃபேஷன்’ என்பார்கள்.

ஆப்பைத் திட்டவும் எனக்கு மனமில்லை. உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த கிராமத்துப் பையனுக்கு, 4 கிலோமீட்டரில் இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிகிற அந்த ராத்திரி சாதாரணமானதல்ல. ஆனால் அதே ஆப்பில் நட்பாகப் பேசி, ஒதுக்குப்புறமாக வரச்சொல்லி, போனையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டுகிற கும்பலும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு, வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றமே இல்லை; மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். இருந்தும் பறிகொடுத்தவன்தான் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று யோசிக்கிறான். அந்தக் கும்பல் முதல் போட்டது ஒரு பைசா இல்லை. நம்முடைய ‘மானம் போச்சு’தான் அதன் முதல்.

கிரைண்டர் வந்த அதே 2009-இல், ஜூன் மாதம், சென்னை மெரினாவில் முதல் வானவில் ஊர்வலம் நடந்தது. சங்கத்துக்கும் ஊர்வலத்துக்கும் போகிறவனை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தொப்பை இருக்கலாம், வயது ஐம்பத்தைந்து ஆகியிருக்கலாம், ஜோடி தேடும் எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். ‘சாப்டியா?’ என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். ஆப்பில் அப்படியொரு பட்டன் இல்லை.

ஈரோட்டில் உங்கள் தெருவிலும் முகமில்லாத ஒரு கட்டம் இருக்கலாம். அவன் ஏன் படம் வைக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.